ட்ரிகோவுக்காக இன்னும் ஆறு வாரம்: ‘தி லாஸ்ட் கார்டியன்’ காத்திருப்பு இழை

வைகைக்கரை
13 செப்டம்பர் 2016, இரவு 9:40

சோனி அறிவித்துவிட்டது. ‘தி லாஸ்ட் கார்டியன்’ வீடியோ கேம் வருவது அக்டோபர் 25 இல்லை, டிசம்பர் 6. கடைசிக் கட்டத்தில் நினைத்ததைவிட அதிகமாக பக் (நிரல் பிழை) வந்துவிட்டது, சரிசெய்ய நேரம் வேண்டும் என்று சோனியின் கேம் ஸ்டுடியோக்களின் தலைவர் ஷுஹெய் யோஷிடா எழுதியிருக்கிறார். ஏழு வருஷம் காத்தாயிற்று, ஆறு வாரம் ஒன்றும் பெரிதில்லை. ஆனாலும் படித்ததும் அடிவயிற்றில் ஒரு பயம் வந்தது. இந்த கேமுக்குத் தேதி தள்ளிப்போன கதையெல்லாம் நமக்குத் தெரியுமே.

அதனால்தான் இந்த இழை. டிசம்பர் வரை இங்கே பேசிக்கொண்டிருப்போம்.

தெரியாதவர்களுக்கு: ஃபுமிடோ உவேடா இயக்கும் மூன்றாவது கேம் இது. முதலாவது ‘ஐகோ’, 2001. இரண்டாவது ‘ஷேடோ ஆஃப் தி கொலோசஸ்’, 2005. இதில் ஒரு பையன், இடிந்து கிடக்கும் ஒரு பெரிய கோட்டை, அவனோடு வீடு அளவுக்கு ஒரு மிருகம். பெயர் ட்ரிகோ. உடம்பெல்லாம் இறகு, நாயும் பூனையும் கலந்த முகம், பறவைக்கு இருப்பது போன்ற கால், பறக்க உதவாத குட்டைச் சிறகு. முதலில் பார்க்கும்போது அது சங்கிலியில் கட்டிக் கிடக்கிறது, உடம்பில் ஈட்டி குத்தி நிற்கிறது.

நான் காத்திருப்பது அதன் உருவத்துக்காக இல்லை. உவேடா சொல்லும் ஒரே ஒரு விஷயத்துக்காக: ட்ரிகோ நாம் சொன்னவுடன் கேட்காது. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும், வரலாம், வராமலும் இருக்கலாம். வேறு எதையோ மோந்து பார்த்துக்கொண்டு நிற்கும். பையனால் அதை ஓட்ட முடியாது, கேட்டுக்கொள்ளத்தான் முடியும். முப்பது வருஷமாக கேம்களில் மிருகங்களை வாகனமாகவும் ஆயுதமாகவும் பார்த்துவிட்டோம். தன் இஷ்டத்துக்கு நிற்கும் மிருகம் ஒன்று எனக்கு வேண்டும்.

நீங்கள் எதற்காகக் காத்திருக்கிறீர்கள்?

---

கடலோரம்
13 செப்டம்பர் 2016, இரவு 10:05

அண்ணே, எனக்குத் தெம்பே போய்விட்டது. 2009-இல் ஈ3 கேம் கண்காட்சியில் முதல் ட்ரெய்லர் வந்தபோது நான் பன்னிரண்டாம் வகுப்பு. இப்போது வேலைக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. 2011-இல் ஒரு கடையில் முன்பணம் கட்டி வைத்தேன். கேமும் வரவில்லை, கடையும் மூடிவிட்டது. ரசீது இன்னும் அலமாரியில் இருக்கிறது. டிஸ்க் கையில் வந்தால்தான் நம்புவேன்.

---

பழைய_கேசட்
13 செப்டம்பர் 2016, இரவு 11:32

கடலோரம், உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் நடந்ததை வரிசையாகப் பார்த்தால் கொஞ்சம் நம்பிக்கை வரும். அதனால் எழுதுகிறேன்.

வேலை தொடங்கியது 2007-இல். 2009 மே மாதமே ஒரு வீடியோ கசிந்தது, ஜூனில் ஈ3-யில் முறையாக அறிவித்தார்கள், பிஎஸ்3 (சோனியின் பிளேஸ்டேஷன் 3) கன்சோலுக்கு என்று. அடுத்த வருஷம் டோக்கியோ கேம் ஷோவில் ‘2011 கடைசியில்’ என்றார்கள். 2011 ஏப்ரலில் அதையும் எடுத்துவிட்டார்கள். அந்த வருஷம் டிசம்பரில் உவேடா சோனியை விட்டே விலகிவிட்டார் என்று செய்தி வந்தது. வெளியிலிருந்து இந்த கேமை முடித்துக் கொடுப்பார் என்றார்கள், யாரும் நம்பவில்லை. நானும் நம்பவில்லை.

அதற்குப் பிறகு நாலு வருஷம் ஏறக்குறைய மௌனம். 2015 தொடக்கத்தில் அமெரிக்காவில் அந்தப் பெயரின் வணிக முத்திரைப் பதிவு காலாவதியான செய்தி வந்தபோது பலரும் கணக்கை முடித்துவிட்டார்கள். அப்புறம் பார்த்தால் அதே ஜூன் மாதம் ஈ3-யில் சோனி மேடையைத் திறந்ததே இதை வைத்துத்தான். பிஎஸ்4-க்கு மாறி, அதே பையன், அதே மிருகம். அன்று விடியற்காலை நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தேன். இறகு காற்றில் அசைந்ததும் எழுந்து நின்றுவிட்டேன்.

ஏன் இவ்வளவு தாமதம் என்றால், பிஎஸ்3-ஆல் இந்த மிருகத்தைச் சுமக்க முடியவில்லை. 2009-இல் நமக்குக் காட்டிய வீடியோகூட மெதுவாக ஓடியதை வேகப்படுத்திக் காட்டியதுதான் என்று யோஷிடாவே பிற்பாடு சொல்லிவிட்டார். 2012-இல் எல்லாவற்றையும் பிஎஸ்4-க்கு மாற்றத் தொடங்கினார்கள். இப்போது உவேடாவின் ஜென்டிசைன் குழுவும் சோனியின் ஜப்பான் ஸ்டுடியோவும் சேர்ந்து செய்கிறார்கள்.

இன்னொன்று. ‘ஐகோ’வும் முதலில் பிஎஸ்1-க்காகத் தொடங்கி, அந்தக் கன்சோல் போதாமல் பிஎஸ்2-க்கு மாறிய கேம்தான். இந்த மனிதருக்கு இது புதிதில்லை. கையில் இருக்கும் இயந்திரத்தைவிட ஒரு தலைமுறை தள்ளித்தான் யோசிக்கிறார்.

---

நேர்கோடு
14 செப்டம்பர் 2016, காலை 8:15

எல்லோரும் உருகுகிறீர்கள், நான் ஒரு சந்தேகத்தைச் சொல்கிறேன். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

‘சொன்னால் கேட்காது’ என்பது கேட்க அழகாக இருக்கிறது. வேலை முடிந்து ராத்திரி பத்து மணிக்கு உட்கார்ந்து, ஒரு மேடைக்குத் தாவச் சொல்லி இருபது தடவை பட்டனை அழுத்தி, அது சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றால் என்ன செய்வீர்கள்? அந்த இடத்தில் அது மிருகத்தின் குணமா, நிரலில் குறையா என்று எனக்கு எப்படித் தெரியும்? கூட வரும் கதாபாத்திரம் கதவில் மாட்டிக்கொண்டு நிற்கிற எத்தனை கேம் ஆடியிருக்கிறோம். அதையெல்லாம் குறை என்றுதானே சொன்னோம்.

இந்த ஜூன் மாதம் பத்திரிகைக்காரர்களுக்கு ஆடக் கொடுத்தார்கள். அவர்கள் எழுதியதில் கேமராவைப் பற்றியும் ஃபிரேம்ரேட் (விநாடிக்கு எத்தனை படம் திரையில் ஓடுகிறது) பற்றியும் புகார் இருந்தது. ‘கொலோசஸ்’ பிஎஸ்2-இல் எப்படித் திணறியது என்பதும் நினைவிருக்கிறது. எனக்கும் இந்த கேம் நன்றாக வரவேண்டும் என்றுதான் ஆசை.

---

வைகைக்கரை
14 செப்டம்பர் 2016, இரவு 8:50

நேர்கோடு, இது நியாயமான கேள்வி. இன்று முழுக்க அலுவலகத்தில் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

எனக்குப் பதில் ‘கொலோசஸ்’ஸில் வரும் அக்ரோவிடம் இருக்கிறது. அந்தக் குதிரை மேல் ஏறியதும் முதல் அரை மணி நேரம் எனக்கு எரிச்சல்தான். திருப்பினால் உடனே திரும்பாது. ஒரு பட்டனால் உசுப்பிவிடலாம், திசையைக் காட்டலாம், அவ்வளவுதான். ஒருநாள் குறுகலான ஒரு மலைப்பாதையில் கையை எடுத்துவிட்டு வாளைத் தூக்கி, அடுத்து வீழ்த்த வேண்டிய பூதத்தின் திசையைக் காட்டும் அதன் வெளிச்சம் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அக்ரோ தானாக வளைவில் வளைந்தது, விளிம்பை விட்டு விலகி ஓடியது. அப்போதுதான் புரிந்தது, இதை நான் ஓட்ட வேண்டியதில்லை. குதிரைக்குக் கண் இருக்கிறது, அதற்கும் விழ ஆசை இல்லை. அதற்குப் பிறகு அந்தக் கட்டுப்பாடு எனக்குக் குறையாகவே தெரியவில்லை. வேறு எந்த கேமிலும் குதிரை ஏறினால் கார் ஓட்டுகிற மாதிரி இருந்தது.

‘கொலோசஸ்’ வந்த பிறகு ஆட்டக்காரர்கள் அக்ரோவைப் பற்றியே பேசியதைப் பார்த்துத்தான் இந்த கேமின் எண்ணமே பிறந்தது என்று உவேடா சொல்லியிருக்கிறார். பதினாறு பூதங்களைச் செய்தவருக்கு வந்த கடிதமெல்லாம் குதிரையைப் பற்றி!

குறைக்கும் குணத்துக்கும் வித்தியாசம் எப்படித் தெரியும் என்று கேட்டீர்கள். மிருகம் வராமல் நிற்கும்போது அது *என்ன செய்துகொண்டிருக்கிறது* என்பதைப் பாருங்கள். கதவில் மாட்டிய கதாபாத்திரம் ஒன்றுமே செய்வதில்லை, இடத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். ட்ரிகோ காதைத் திருப்புகிறது, கால் வைக்கத் தயங்குகிறது, நம்மைப் பார்த்துவிட்டு பள்ளத்தைப் பார்க்கிறது. அதற்கு ஒரு காரணம் இருப்பது தெரிகிறது. அந்தக் காரணத்தைக் கண்டுபிடிப்பதுதான் ஆட்டமே என்று நினைக்கிறேன். அது எல்லா நேரமும் சரியாக அமையுமா என்றால், டிசம்பரில் பார்ப்போம்.

---

அடையாற்றுப்_படிக்கட்டு
15 செப்டம்பர் 2016, அதிகாலை 1:20

இங்கே வழக்கமாகப் படிப்பதோடு சரி, எழுதியதில்லை. மேலே படித்ததும் எழுதத் தோன்றியது.

போன டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தெருவில் இடுப்பளவுத் தண்ணீர். கீழ் வீட்டுக்காரர்கள் எல்லாம் மாடிக்கு வந்துவிட்டார்கள். முதல் நாள் ராத்திரி ஒரு கறுப்புப் பெட்டை நாய் எப்படியோ நீந்தி வந்து எங்கள் படிக்கட்டில் ஏறிக்கொண்டது. பின்னங்கால் தொடையில் தகரமோ கம்பியோ கிழித்த காயம். டார்ச் அடித்தால் பல்லைக் காட்டியது. ஏழாவது படியில் இருந்தது, நாங்கள் பதினைந்தாவது படியில்.

என் அம்மா இரண்டு பிஸ்கட் போட்டார். தொடவில்லை. நாங்கள் கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்து, ஜன்னல் வழியாகப் பார்த்தபோதுதான் தின்றது. மறுநாள் காலை ஒன்பதாவது படி. மத்தியானம் தயிர்சோறு வைத்துவிட்டு நான் நாலு படி தள்ளி, அதைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். பார்த்தால் தின்னாது. பின்னால் நக்கும் சத்தம் மட்டும் கேட்டது. கரன்ட் இல்லை, போன் இல்லை, செய்வதற்கு ஒன்றும் இல்லை. அதனால் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இரண்டாம் நாள் ராத்திரி அது என் முழங்காலில் மூக்கை வைத்தது. ஈரமூக்கு, ஜில்லென்று. நான் அசையவே இல்லை. காயத்தில் மஞ்சள் வைக்க மூன்றாம் நாள்தான் விட்டது. அதுவும் ஒரு தடவை கையைக் கவ்வியது, கடிக்கவில்லை, பல்லை மட்டும் பதித்து எடுத்தது.

கருப்பி இப்போது எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். கூப்பிட்டால் இன்றும் உடனே வரமாட்டாள். தலையைத் தூக்கிப் பார்ப்பாள், கொட்டாவி விடுவாள், உடம்பை முறித்துக்கொண்டு அப்புறம்தான் வருவாள்.

ஈ3 ஆட்டத்தைப் பற்றி எழுதியவர்கள் ஒரு காட்சியைச் சொல்கிறார்கள்: பையன் ட்ரிகோவின் உடம்பிலிருந்து ஈட்டியைப் பிடுங்குகிறான், வலியில் அது அவனை உதறித் தள்ளிவிடுகிறது. கோபத்தில் இல்லை, வலியில். அதைப் படித்ததும் நான் ப்ரீஆர்டர் செய்துவிட்டேன். அதற்கு முன் எனக்கு உவேடா யார் என்றே தெரியாது.

---

கடலோரம்
15 செப்டம்பர் 2016, காலை 7:02

இதைப் படித்துவிட்டுத் தெம்பு கொஞ்சம் திரும்பியிருக்கிறது. கருப்பிக்கு என் அன்பு.

---

யாழ்_பின்னேரம்
15 செப்டம்பர் 2016, மாலை 6:30

நல்ல இழை அண்ணா. நானும் சேர்ந்துகொள்கிறேன்.

கேமில் வந்த மிருகத் துணைகளில் என் மனதில் நிற்கிறது ஒரு சின்ன நாய்தான். ‘ரெசிடென்ட் ஈவில் 4’, 2005. தொடக்கத்திலேயே பொறியில் கால் மாட்டிய ஒரு நாய். விடுவித்தாலும் விடாவிட்டாலும் கதை நகரும், அது ஓடிப் போய்விடும். நாங்களும் மறந்துவிடுவோம். பிறகு அந்த ராட்சதனோடு சண்டை வரும் நேரம் மேட்டில் ஒரு குரைப்புச் சத்தம். அதே நாய்! வந்து ராட்சதனைச் சுற்றிச் சுற்றி ஓடி அவன் கவனத்தைத் திருப்பும். அப்போது எனக்குப் பதின்மூன்று வயது, தம்பியும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். யாரும் அதைச் செய்யச் சொல்லி எங்களிடம் கேட்கவில்லை, செய்தால் இது கிடைக்கும் என்றும் சொல்லவில்லை. அதனால்தான் மறக்கவில்லை.

‘ஃபேபிள் 2’ நாயும் பிடிக்கும், புதையல் இருக்கிற இடத்தில் போய்க் குரைக்கும். ‘மெட்டல் கியர் சாலிட் 5’-இல் குட்டியாகக் கிடைத்து வளரும் ஒற்றைக்கண் நாயும் பிடிக்கும். ஆனால் கொஞ்ச நேரத்தில் அதை எதிரியைக் காட்டும் கருவியாகத்தான் பாவித்தேன். அதுக்கு அது என்ன செய்யும், பாவம்.

---

நேர்கோடு
15 செப்டம்பர் 2016, இரவு 9:11

அடையாற்றுப்_படிக்கட்டு, நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஏழாவது படியிலிருந்து முழங்கால் வரை வர இரண்டு நாள். அதை ஒரு கேமில் செய்து காட்ட முடிந்தால் என் சந்தேகம் எல்லாவற்றையும் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

இந்த வருஷம் பிப்ரவரியில் ‘ஃபார் க்ரை பிரைமல்’ ஆடினேன். வாள்பல் புலியைப் பழக்குவது எப்படித் தெரியுமா? இறைச்சித் துண்டைப் போடு, அது தின்னும்போது பக்கத்தில் போ, பட்டனை அழுத்திப் பிடி. சில விநாடி. புலி உன்னுடையது. அதற்குப் பிறகு விரலை நீட்டினால் போய்க் கொல்லும். முதல் தடவை சந்தோஷமாக இருந்தது. ஆறாவது மிருகத்தைப் பழக்கும்போது நான் பட்டியலில் டிக் அடித்துக்கொண்டிருந்தேன், மிருகத்தைப் பார்க்கவே இல்லை.

அதனால் நீங்கள் கேட்பது என்ன என்று எனக்குப் புரிகிறது. பயம் ஃபிரேம்ரேட் பற்றி மட்டும்தான். அந்தத் தயக்கமெல்லாம் திரை தடுமாறாமல் ஓடினால்தான் தெரியும். போன வாரம் பிஎஸ்4 ப்ரோ அறிவித்திருக்கிறார்கள், நவம்பர் 10-இல் வருகிறது. இந்த கேமுக்காகவே புதுக் கன்சோல் வாங்க என்னால் முடியாது. சாதாரண பிஎஸ்4-இல் எப்படி ஓடுகிறது என்று யாராவது எழுத வேண்டும்.

---

பழைய_கேசட்
16 செப்டம்பர் 2016, காலை 10:48

ட்ரிகோவின் அசைவைப் பற்றி ஒன்று. மிருகத்துக்கு சென்சார் மாட்டிப் பதிவு செய்து இதை உருவாக்கவில்லை. உவேடா ஓவியம் படித்தவர், அனிமேஷன் கலைஞராக வந்தவர். ‘ஐகோ’விலிருந்தே அசைவுகளைக் கையால் செய்வதுதான் அவர் வழக்கம். ட்ரிகோவின் அசைவுகளையும் கலைஞர்கள் கையால் செய்கிறார்கள். எந்த நேரத்தில் எந்த அசைவு, பாதம் எந்தக் கல்லில் பதிய வேண்டும், தலை எங்கே திரும்ப வேண்டும் என்பதை கேம் அங்கேயே கணக்குப் போட்டு இணைக்கிறது. சமமான தரையாக இல்லாமல் இடிபாடும் தூணுமாக இருக்கிற இடத்தில், இவ்வளவு பெரிய உடம்பு, ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி ஏறியாக வேண்டும். ஏன் பிஎஸ்3 திணறியது என்று இப்போது தெரிகிறதா?

உவேடா ‘கழித்துக் கழித்துச் செய்வேன்’ என்பார். ‘ஐகோ’வில் திரையில் உயிர் அளவு காட்டும் பட்டையே கிடையாது. ஒரு பட்டனை அழுத்தினால் பையன் பெண்ணின் கையைப் பிடிப்பான், அழுத்தியபடியே ஓட வேண்டும், விட்டால் கை விலகிவிடும். இழுத்துக்கொண்டு ஓடும்போது கன்ட்ரோலர் உள்ளங்கையில் அதிரும். வேறு பெரிய விளக்கம் ஒன்றும் இல்லை. அந்த ஒரு பட்டனில் எனக்கு அவளைப் பற்றிய கவலை முழுக்க வந்துவிட்டது. மூன்றாவது கேமில் கைக்குப் பதிலாக இறகு.

---

மேலூர்க்_காளை
18 செப்டம்பர் 2016, மதியம் 2:35

எங்கள் வீட்டில் ஒரு காளை இருக்கிறது. இரண்டு வருஷமாக வாடிவாசல் பார்க்காத காளை, ஜல்லிக்கட்டுக்குத் தடை இருப்பதால். அந்த விவாதம் இங்கே வேண்டாம். நான் சொல்ல வந்தது வேறு.

அந்தக் காளையை அப்பா பிடித்தால் கயிறு இறுகும். நான் போனால் மூச்சைச் சீறும். என் அப்பத்தா போனால் தலையைக் கீழே போட்டுக் கழுத்தைக் காட்டும். அப்பத்தா எழுபத்தைந்து வயது, அதன் திமில் உயரத்துக்குக்கூட இருக்கமாட்டார். எப்படி என்று கேட்டேன். ‘நீங்கள் எல்லாம் வேலை இருந்தால்தான் கிட்டப் போகிறீர்கள், நான் சும்மாவும் போவேன்’ என்றார். உண்மைதான். சாயங்காலம் ஆனால் பக்கத்தில் போய் நின்று, தாடைக்குக் கீழே சொறிந்துகொண்டு, தெருவில் நடந்ததை எல்லாம் அதனிடம் சொல்லிக்கொண்டிருப்பார்.

ட்ரெய்லரில் பையன் ட்ரிகோ மேல் ஏறி அதன் கழுத்தைத் தடவிக்கொடுப்பதைப் பார்த்தபோது அப்பத்தாதான் நினைவுக்கு வந்தார். சண்டை முடிந்து வெறியோடு இருக்கும் மிருகத்தைத் தடவித்தான் அமைதிப்படுத்த வேண்டுமாம். பெரிய மிருகம் பக்கத்தில் சின்ன ஆள். இந்த அளவு வித்தியாசம் எவ்வளவு முக்கியம் என்று மிருகம் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். அது நினைத்தால் ஒரு நொடியில் நம்மை முடித்துவிடும். முடிக்காமல் நிற்கிறது. அங்கேதான் எல்லாம் இருக்கிறது.

டிசம்பரில் கேமை வாங்கினால் அப்பத்தாவை உட்காரவைத்துக் காட்டப் போகிறேன்.

---

வைகைக்கரை
18 செப்டம்பர் 2016, இரவு 9:20

அப்பத்தா சொன்னதைத் தாளில் எழுதி மேசையில் ஒட்டிவிட்டேன். ‘நான் சும்மாவும் போவேன்.’ கேமில் அதற்கு இடம் இருக்குமா என்பதுதான் இப்போது என் முதல் கேள்வி. புதிர் எதுவும் இல்லாதபோது, வழி தேட வேண்டிய அவசியமும் இல்லாதபோது, சும்மா அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்தால் ட்ரிகோ என்ன செய்யும்?

---

கடலோரம்
2 அக்டோபர் 2016, இரவு 11:50

ஒன்று கேட்க வேண்டும், யாரும் தவறாக நினைக்காதீர்கள். ட்ரிகோ கடைசியில் செத்துவிடுமா?

யாருக்கும் தெரியாது என்று தெரியும். ஆனால் எனக்கு இதுதான் ராத்திரியெல்லாம் ஓடுகிறது. நாங்கள் ஏழாவது படிக்கும்போது வீட்டு நாய் போனதிலிருந்து அம்மா இன்னொரு நாய் வளர்க்க விடவில்லை. திரையில் ஒரு மிருகம் வந்ததும் நான் முதலில் அதன் முடிவைத்தான் எண்ணுகிறேன். ‘ஃபால்அவுட் 4’ நாய் எவ்வளவு அடிபட்டாலும் சாகாது, விழுந்து எழுந்துவிடும். அது தெரிந்ததும் எனக்கு எவ்வளவு நிம்மதி. நிஜ ஜெர்மன் ஷெப்பர்ட் ஒன்றை வைத்துத்தான் அதைச் செய்தார்கள் என்பது வேறு.

---

அடையாற்றுப்_படிக்கட்டு
3 அக்டோபர் 2016, காலை 6:45

எனக்கும் இந்தப் பயம் இருக்கிறது. இருந்தும் முடிவு என்னவென்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள மாட்டேன். கருப்பி ஏழாவது படியில் இருந்தபோது அவள் பிழைப்பாளா என்று எங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த ஒரு மணி நேரம் அப்படி உட்கார்ந்திருப்பேனா என்று தெரியவில்லை.

கடலோரம், நீங்கள் தனியாக ஆட வேண்டாம். நாங்கள் எல்லாரும் அதே வாரத்தில் ஆடிக்கொண்டிருப்போம், இங்கேயே இருப்போம்.

---

நேர்கோடு
3 அக்டோபர் 2016, காலை 9:30

‘கொலோசஸ்’ ஆடாதவர்கள் இந்த இழையில் இருக்கிறார்கள். அதனால் அக்ரோவுக்கு என்ன ஆகிறது என்று யாரும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆடியவர்களுக்குத் தெரியும், உவேடா நம் பயத்தை அறிந்தவர். அதோடு நிறுத்திக்கொள்கிறேன். பிஎஸ்3 இருந்தால் 2011-இல் வந்த ‘ஐகோ’, ‘கொலோசஸ்’ இரண்டும் சேர்ந்த டிஸ்க் கிடைக்கும். டிசம்பருக்குள் இரண்டையும் முடித்துவிடலாம், இரண்டுமே நீளமான கேம் இல்லை.

---

யாழ்_பின்னேரம்
9 அக்டோபர் 2016, இரவு 8:00

பெயரைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. ஜப்பானிய மொழியில் ‘டொரிகோ’ என்றால் கைதி. ‘டொரி நோ கோ’ என்று பிரித்தால் பறவைக்குஞ்சு. ‘டொரி’ பறவை, ‘நெகோ’ பூனை, இரண்டையும் சேர்த்தாலும் அதே மாதிரி வரும். மூன்று பொருளும் வேண்டும் என்றுதான் வைத்தாராம். கட்டிக் கிடக்கிற, சிறகு வளராத, பூனை மாதிரிக் கூப்பிட்டால் வராத ஒன்று. ஒரு சொல்லிலேயே கதை முழுக்க இருக்கிறது.

என் மகளுக்கு ஐந்து வயது. ட்ரெய்லரைப் பார்த்துவிட்டு ‘அது ஏன் அழுது?’ என்று கேட்டாள். எனக்கு அழுவது மாதிரித் தெரியவில்லை. திரும்பப் போட்டுப் பார்த்தேன். கண் அப்படித்தான் இருக்கிறது.

---

மேலூர்க்_காளை
10 அக்டோபர் 2016, காலை 11:15

சாப்பாட்டைப் பற்றிப் பேசுவோமா? அது தின்பது பீப்பாய். பையன் தேடிக் கொண்டுவந்து தூக்கிப் போட, ட்ரிகோ வாயால் பிடித்துக்கொள்கிறது. 2009 ட்ரெய்லரிலேயே அந்தக் காட்சி உண்டு. எனக்கு இதில் மிகவும் பிடித்தது, தீனி தேடுவதே நம் வேலை என்பது. வழி அடைந்து நிற்கும் நேரத்தில் அதற்குப் பசியும் இருந்தால், முதலில் பசியைத்தான் பார்க்க வேண்டும். மாட்டுக்குத் தண்ணீர் காட்டாமல் நான் காபி குடித்தால் வீட்டில் திட்டு விழும்.

---

பழைய_கேசட்
22 அக்டோபர் 2016, காலை 7:25

நண்பர்களே, வந்துவிட்டது! கேம் முடிந்து டிஸ்க் அச்சுக்குப் போய்விட்டது என்று அறிவித்துவிட்டார்கள். இனித் தேதி மாற வழியில்லை என்றே நினைக்கிறேன். அக்டோபர் 25-க்கு முன்னாடியே முடித்துவிட்டார்கள், ஆனால் அச்சாகிக் கடைக்கு வர அந்த ஆறு வாரம் வேண்டும்.

2007-இல் இந்த வேலையைத் தொடங்கிய கலைஞர்களை நினைத்துப் பார்க்கிறேன். அதில் எத்தனை பேர் கடைசி வரை இருந்தார்களோ. ஒரே மிருகத்தின் இறகை, கால் வைப்பை, கண் இமைப்பை ஒன்பது வருஷம் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். நமக்கு அது டிசம்பரில்தான் அறிமுகம்.

---

கடலோரம்
22 அக்டோபர் 2016, காலை 7:41

அண்ணே!!! வேலைக்குப் போகும் பேருந்தில் படித்தேன். பக்கத்து சீட்காரர் என்ன ஆயிற்று என்று கேட்டார். ‘ஏழு வருஷமாக ஒரு மிருகத்துக்காகக் காத்திருந்தேன், வருகிறது’ என்றேன். எந்த மிருகம் என்றார். இறங்கும் இடம் வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தேன். அவரும் கேட்டுக்கொண்டே வந்தார்.

2011 ரசீதை அந்த டிஸ்க் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடப் போகிறேன்.

---

நேர்கோடு
22 அக்டோபர் 2016, காலை 10:10

நானும் ப்ரீஆர்டர் செய்துவிட்டேன். சாதாரண பிஎஸ்4-இல்தான் ஆடுவேன். ஃபிரேம்ரேட் எப்படி என்று முதல் நாளே நேர்மையாக எழுதுகிறேன், நல்லதென்றாலும் கெட்டதென்றாலும்.

---

வைகைக்கரை
22 அக்டோபர் 2016, இரவு 9:05

டிசம்பர் 6-ஆம் தேதி நான் புது இழை ஒன்று தொடங்குகிறேன். முடிவைப் பற்றி எழுதுபவர்கள் மறைத்து எழுதுங்கள். கடலோரம் ஆடி முடித்துவிட்டேன் என்று சொல்லும்வரை ட்ரிகோவின் கதி பற்றி யாரும் வெளிப்படையாக ஒரு வார்த்தை எழுத வேண்டாம். யாழ்_பின்னேரம், மகள் பார்க்கும்போது அவள் என்ன சொல்கிறாள் என்பதையும் எழுதுங்கள். மேலூர்க்_காளை, அப்பத்தா சொல்வதை ஒரு எழுத்து விடாமல் எழுதுங்கள்.

மதிப்பெண், எத்தனை மணி நேரம், கேமரா எல்லாம் அப்புறம் பேசிக்கொள்ளலாம். முதல் பதிவில் ஒன்று மட்டும் எழுதுங்கள்: நீங்கள் முதன்முதலில் பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது ட்ரிகோ என்ன செய்துகொண்டிருந்தது, எவ்வளவு நேரம் கழித்து வந்தது.